பல் தீட்டாத மான்

பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நிற்கும் புள்ளிமான்களைத் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என் தங்கையின் மகளுக்கு வயது நான்கு. இரவில் பல் தீட்ட மறுத்து அடம்பிடித்த அவளுக்காக, கோட்டை மானொன்று பிரஸ்ஸும் கையுமாக நின்று பல் தீட்டுகிற கதையொன்றை நான் கட்டிச் சொன்னேன். மானின் பற்கள் முத்துப்போல மின்னின, மற்ற மிருகங்கள் எல்லாம் வாய் பிளந்தன, கதை சுபமாக முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது அவள் ஒரு மானின் முன்னே நெடுநேரம் நின்று அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னாள்: "பெரியம்மா, மானிட்ட பிரஸ் இல்லை. அது பல் தீட்டுறேல்லை. எனக்கும் வேண்டாம்."

என் கதை தோற்றதற்குக் காரணம் உண்டு. கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நான்கு முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்குப் பிறரோடு பகிர்தலைப் பற்றிய ஒரே கதை இரண்டு வடிவங்களில் வாசிக்கப்பட்டது. ஒன்றில் மனிதரைப்போல் உடுத்து நடமாடும் விலங்குகள் வந்தன. மற்றதில் அதே செயல்களை மனிதப் பிள்ளைகள் செய்தார்கள். வாசிப்புக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் தம்மிடமுள்ள ஒட்டுப்படங்களில் எத்தனையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க முன்வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது, மனிதப் பிள்ளைகளின் கதையைக் கேட்டவர்களே முன்னையிலும் கூடுதலாகக் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. விலங்கு பேசுவதைப் பிள்ளை இரசிக்கும். ஆனால் அதன் நடத்தையைத் தன் வீட்டுக்கு எடுத்துவர வேண்டுமானால், அது தன்னைப் போன்ற ஒன்றுதான் என்று பிள்ளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நரியும் காகமும் இல்லாமல் தமிழில் கதை ஏது என்று கேட்பவர்கள் கோபிக்க வேண்டாம். சிரிக்கவும் வியக்கவும் அவை என்றைக்கும் வேண்டியவை. பல் தீட்டும் வேலைக்கு மட்டும், "அம்மா சின்னப்பிள்ளையா இருக்கேக்க" என்று தொடங்கும் கதை கூடுதலாக உதவும்.

கதையின் முடிவில் வரும் நீதிதான் பிள்ளையைத் திருத்துகிறது என்று நம்மில் பலர் நம்பி வந்திருக்கிறோம். எனக்கு அந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே ஆளின் அருகில், கை கழுவிப் பல் தீட்டிய பிறகு கதை வரும் என்ற ஒழுங்கே பழக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது; நீதி அந்த ஒழுங்கின் மேல் ஏறிச் சவாரி செய்கிறது, அவ்வளவுதான். கதை என்ன சொல்கிறது என்பது முக்கியமில்லை என்பது இதன் பொருளன்று. கெட்ட கதை நல்ல ஒழுங்கையும் கெடுத்துவிடும், அதிலும் நாம் அன்றாடம் வாய்கூசாமல் சொல்லும் அச்சுறுத்தல் கதைகள்.

பூச்சாண்டி, சாக்குக்காரன், பொலிஸ் என்று அந்த வரிசை நீளமானது. யுத்த காலத்தில் வளர்ந்த எங்களுக்கு "ஆமி வருது, சத்தம் போடாமல் சாப்பிடு" என்பதும் அந்த வரிசையில் இருந்தது. அது கதையா உண்மையா என்று பிரித்தறிய முடியாதபடி இருந்ததுதான் அதன் கொடுமை. இன்றைய வீடுகளில் அந்த இடத்தை ஊசி பிடித்திருக்கிறது. சோறு உண்ணாவிட்டாலும் ஊசி, நித்திரை கொள்ளாவிட்டாலும் ஊசி, பொய் சொன்னாலும் ஊசி. வீடு தேடி வந்து நிறை பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரை, "மிஸ்ஸியிட்டச் சொல்லி ஊசி போடுவிப்பன்" என்ற ஒரே வசனத்தில் அரக்கியாக்கி விடுகிறோம்.

இதன் விலை பிள்ளைக்கு மூன்று வயது நிறையும்போது தெரியவரும். இலங்கையின் தடுப்பூசி அட்டவணையில் சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறையும், மூன்று வயதில் மறுமுறையும் போடப்படுகிறது. ஒன்பது மாதக் குழந்தை அழுது மறந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும், அதற்கும் மேலாகக் கற்பனை செய்யும். இரண்டு வருடமாகத் தண்டனை என்று கேட்டுப் பழகிய பொருளைக் கிளினிக்கில் ஒருவர் கையில் காணும்போது, தான் என்ன குற்றம் செய்தோம் என்றுதான் அது தேடும். முதல் நாள் இரவே கதையாகச் சொல்லிவிடலாம். நாளைக்கு ஓட்டோவில் போவோம், வரிசையில் இருப்போம், மிஸ்ஸி கையைத் துடைப்பார், சுருக்கென்று நோகும், நீ பத்து எண்ணுவாய், பிறகு நாங்கள் கடற்கரையால் வீட்டுக்கு வருவோம். நோகாது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நோகும், அடுத்த கதையை யாரும் நம்பவும் மாட்டார்கள்.

அச்சக் கதைகள் உண்மையிலேயே நடத்தையைத் திருத்துகின்றனவா என்ற கேள்வியையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காங் லீ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்று முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டுப் பொருளைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் அறையைவிட்டு வெளியே போனார். அவர் திரும்பி வந்து ஒரு கதையை வாசித்தபின், பார்த்தாயா என்று கேட்டார். பொய்யால் மூக்கு நீண்ட மரப்பொம்மையின் கதையும், புலி வருகிறதென்று பொய் சொல்லி அழிந்த இடையன் கதைக்கு ஒப்பான ஓநாய்க் கதையும் பிள்ளைகளின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற சிறுவனின் கதைதான் பயன் தந்தது. அந்தக் கதையின் முடிவையே மாற்றிச் சிறுவனுக்குத் தண்டனை கிடைப்பதாக வாசித்தபோது பயனும் இல்லாமற் போயிற்று. பல்லில் பூச்சி புகுந்து குடைந்த பிள்ளையின் கதையைச் சொல்லிப் பல் தீட்டவைக்க முயலும் அம்மாக்களும் அப்பாக்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். காலையில் எழுந்து "வாயில நாத்தமே இல்லை, கொஞ்சுங்கோ" என்று ஓடிவரும் பிள்ளையின் கதைக்கு அதைவிட வலு அதிகம்.

உலக சுகாதார நிறுவனம், யுனிசெவ், உலக வங்கி ஆகியவை சேர்ந்து 2018 மே மாதத்தில் வெளியிட்ட சிறுபராயப் பராமரிப்புச் சட்டகம் ஐந்து விடயங்களை ஒன்றாகக் கட்டுகிறது: நல்ல சுகாதாரம், போதிய போசாக்கு, பிள்ளையின் குறிப்பறிந்து நடத்தல், ஆரம்பக் கற்றலுக்கான வாய்ப்பு, பாதுகாப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிகாரியும் தனித்தனிக் கொப்பியும் உண்டென்று பழகிப்போன நமக்கு இவை ஐந்து திணைக்களங்கள்போலத் தோன்றலாம். வீட்டில் இவை இரவு ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே, ஒரே பாயில் நடந்து முடிகின்றன. உண்டு, கழுவி, பாயில் சரிந்து, "பிறகு?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லும் அப்பம்மா ஐந்தையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறார், அவரை யாரும் உத்தியோகத்தர் என்று அழைப்பதில்லை.

அந்த ஒரு மணிநேரம் எங்கே போகிறது என்பது தனிக்கதை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணிநேர நித்திரை வேண்டும். முன்பள்ளிக்கு ஆயத்தமாகக் காலை ஆறு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை, பகலில் படுக்காதென்றால், இரவு எட்டு மணிக்கு உறங்கியிருக்க வேண்டும் என்பது எளிய கணக்கு. அதே எட்டு மணிக்கு நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் ஒரு தொடர் முடிந்து மறுதொடர் தொடங்கும். அதே வழிகாட்டல் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், அதன் பிறகு ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் சொல்வதோடு, பிள்ளை அமர்ந்திருக்கும் நேரத்தில் வாசிப்பும் கதைசொல்லலும் நடப்பதை ஊக்குவிக்கிறது. பாட்டிமாருக்கு ஜெனீவாவிலிருந்து வந்த நற்சான்றிதழ் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களை யாரும் விரும்பி நினைப்பதில்லை. பால்மா இல்லை, எரிவாயு இல்லை, நுளம்புக்கு மின்விசிறியும் இல்லை. ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் அந்த இரவுகளில் ஒவ்வொரு விறாந்தையிலும் ஒரு குரல் கேட்டது. தொலைக்காட்சி வாய் மூடியதும் அம்மப்பாவுக்கு வாய் திறந்துகொண்டது. மின்சாரம் வந்தபின் அந்தக் குரல்களில் பாதி நின்றுபோயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உணவுக்கு வருவோம், சிக்கல் கூடுதலாக இருப்பது இங்கேதான். மதியச் சோற்றில் மிஞ்சியதை மீன்குழம்பு, கீரை, பருப்பு எல்லாம் சேர்த்து ஒரே சட்டியில் குழைத்து, சுற்றி அமர்ந்திருக்கும் பேரப்பிள்ளைகளின் உள்ளங்கைகளில் அம்மம்மா உருட்டி வைக்கும் குழையல் சோற்றுக்கு ஈடான உணவுக் கல்வியை நான் கண்டதில்லை. உருண்டை வரும் வரிசையில் கதையும் வரும். தன் முறை வரும்வரை பிள்ளை காத்திருக்கப் பழகும். மற்றப் பிள்ளை உண்பதைப் பார்த்துத் தானும் உண்ணும். அந்தச் சட்டி இருந்த இடத்தில் இன்று தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்த போன் இருக்கிறது. பிள்ளை திரையைப் பார்க்கிறது, வாய் தானாகத் திறக்கிறது, தாய் தீத்துகிறார். எதை உண்டோம், போதுமா என்பதொன்றும் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கவைக்கும் தந்திரமாக மட்டும் கதையைப் பயன்படுத்தினால் அதுவும் போனின் வேலையைத்தான் செய்கிறது. நிரப்புணவு ஊட்டுவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2003 முதல் சொல்லிவரும் நெறிகளில், வற்புறுத்தாமல் பொறுமையாக ஊட்டுதல், கவனச்சிதறலைக் குறைத்தல், கண்ணைப் பார்த்துப் பேசுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே வருகின்றன. எனவே உண்ணும்போது சொல்லும் கதை தட்டில் இருப்பதைப் பற்றியதாக இருந்தால் நல்லது: இந்தச் சூடை மீனை யார் பிடித்தார், வலை இழுக்கும்போது என்ன கத்தினார்கள், இந்த முருங்கையிலையை நீயும் நானும் எந்த வேலியில் ஆய்ந்தோம். பிள்ளை தலையைத் திருப்பினால் கதையும் சோறும் அங்கே நிற்க வேண்டும். புதிய உணவொன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவை வரை அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாம் மூன்றாம் தடவையே "இவளுக்குக் கீரை பிடிக்காது" என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுகிறோம், பிள்ளையின் காது கேட்க. வல்லாரைச் சம்பலும் இலைக்கஞ்சியும் முதலில் கதையில் வந்து, பிறகு வேலியோரம் தென்பட்டு, அதன் பிறகே தட்டுக்கு வந்தால் அந்தச் சந்திப்புகளில் சில ஏற்கெனவே நடந்துவிட்டிருக்கும்.

கை கழுவுதலுக்கு நம் வீடுகளில் புதிதாகக் கதை கட்டத் தேவையே இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் வாப்பாவின் பக்கத்தில் நின்று, அவர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்வதைப் பார்த்து, கையை மணிக்கட்டுவரை மும்முறை தேய்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியே போய்வந்தால் கால் கழுவாமல் படியேற விடாத அப்பம்மாக்கள் இந்து வீடுகளில் இருக்கிறார்கள். பொருளும் வரிசையும் உள்ள செயலை எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. சவர்க்காரம் போட்டு 20 வினாடி தேய்ப்பதை அந்த வரிசைக்குள் நுழைப்பதே மீதி வேலை. சவர்க்காரம் நான்கு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டாத கிணற்றுக்கட்டில் இருக்குமானால் எந்தக் கதையாலும் அதை இறக்கி வைக்க முடியாது என்பதையும் பெரியவர்கள் மறக்கக் கூடாது.

நுளம்பு விடயத்தில் நமக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான 2017 ஆம் ஆண்டில், முதலில் கடுமையாக அடிபட்ட இடங்களில் கிண்ணியாவும் ஒன்று. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை எடுக்கிறது. இந்தக் கணக்கே ஒரு கதைதான்: ஞாயிற்றுக்கிழமை சிரட்டையில் முட்டை, புதன்கிழமை நெளிந்து கூத்தாடும் குடம்பி, அடுத்த ஞாயிற்றுக்கு முன் யாராவது வந்து கவிழ்த்தால் கதை முடிந்தது, வராவிட்டால் அது பறந்துவிடும். மாரி மழை விட்ட மறுநாள் தங்கையின் மகளைக் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றியபோது, பூச்சாடித் தட்டில் நெளிந்தவற்றை அவள் குந்தியிருந்து கண்கொட்டாமல் பார்த்தாள். "இது எப்ப பறக்கும்?" என்று கேட்டாள். "வெள்ளிக்கிழமை போல" என்றேன். "அப்ப இண்டைக்கே ஊத்துவம்" என்றாள். மானைக் கொண்டு ஒரு மாதமாக முயன்று முடியாததை ஒரு பூச்சாடித் தட்டு ஐந்து நிமிடத்தில் முடித்தது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

கடையில் வாங்கும் இனிப்புப் பானங்களுக்கு 2016 முதல் நம் நாட்டில் நிற அடையாளம் உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டவை செம்மஞ்சள். எழுத்தறியாத பிள்ளையும் வாசிக்கக்கூடிய அறிவித்தல் இது. வீதிச் சமிக்ஞை விளக்கின் கதையைக் கேட்ட பிள்ளையை அப்பப்பா கடைக்குக் கூட்டிப்போய், சிவப்பு எங்கே என்று தேடவிட்டால் போதும். பிறகு அப்பப்பா தனக்கென்று சிவப்பை வாங்க முடியாமற் போகும். அது அவர் பாடு.

கதையை எப்படிச் சொல்வது என்பதிலும் கவனிக்க ஒன்று உண்டு. 1988 இல் குரோவர் வைற்ஹேர்ஸ்ற் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும், பெற்றோர் வாசித்துக்கொண்டே போவதற்குப் பதிலாக நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டு, பிள்ளையின் பதிலை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னால், ஒரு மாதத்திலேயே பிள்ளையின் பேச்சுத்திறன் முன்னேறுகிறது என்று காட்டினார்கள். நம்மூரில் இதற்கு வாய்ப்பான கதை கன்னியா. தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம். எது கூடச் சூடு, எதிலே முதலில் கை வைப்பாய், அம்மா செத்தபோது இராவணன் அழுதானா என்று கேட்டுக்கொண்டே போனால், குளித்தலில் தொடங்கிய கதை எங்கோ போய் நிற்கும். நிற்கட்டும். துக்கம் என்றால் என்ன என்று அறிந்துகொள்ளவும் பிள்ளைக்கு ஒரு மடி வேண்டும். 2004 ஆழிப்பேரலையும் யுத்தமும் கடந்துவந்த குடும்பங்களில் அந்தக் கேள்வி என்றோ ஒருநாள் வந்தே தீரும்.

மடி எப்போதும் வீட்டில் இருப்பதில்லை. தந்தை மாலையில் படகேறினால் காலையில்தான் கரைக்கு வருவார். தாய் குவைத்திலோ கட்டாரிலோ சவூதியிலோ வேலையில் இருப்பார்; இங்கே பிள்ளை எட்டு மணிக்குப் படுக்கப்போகும்போது அங்கே மாலை ஐந்தரை, வேலை முடிந்திருக்காது. அப்படிப்பட்ட தாயொருவர் காலையிலேயே குரல்பதிவாக ஒரு கதையை அனுப்பிவிடுவதை நான் அறிவேன். உம்மம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்து அதை ஒலிக்கவிடுவார். நடுவில் "பல் தீட்டியாச்சா மகன்?" என்று குரல் கேட்கும், தாய் கொஞ்சம் நிறுத்துவார், பிள்ளை இருட்டில் "ஓம்" என்பான். திரையில்லாத போன் இது. கூடாதென்று எந்த வழிகாட்டலும் சொல்ல முடியாது.

எத்தனை நாளில் இது பழக்கமாகும் என்று கேட்பவர்களுக்கு, 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்லப்படும் கணக்கை நம்ப வேண்டாம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 வளர்ந்தவர்களைக் கொண்டு நடத்தி 2010 இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்க நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாட்கள் போதுமாக இருந்தன, கணக்குப்படி 254 நாட்கள் தேவைப்படுவோரும் இருந்தார்கள். இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி. வளர்ந்தவர்களே இப்படியென்றால் நான்கு வயதுப் பிள்ளையைத் திருவிழா இரவொன்றில் பல் தீட்டாமல் உறங்கியதற்காக ஏசுவதில் அர்த்தமில்லை. ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கையோடு பெரியவர் கையும் சேர்ந்தே தீட்ட வேண்டும். மூன்று வயதுக்குமேல் பட்டாணியளவு பற்பசை போதும்.

மானின் விடயத்தை நான் அப்படியே விட்டுவிடவில்லை. பிழையைத் திருத்தும் எண்ணத்தில், மானுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது, தடித்த ஈறுதான் இருக்கிறது, கீழ்ப்பற்களால் அதிலே அழுத்தித்தான் அது புல்லைப் பறிக்கிறது என்ற உண்மையை ஒருநாள் இரவு அவளுக்குச் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் இல்லை? பல் தீட்டாததாலயோ?"

ஓம் என்று சொல்லிவிட நா துடித்தது. அந்த ஒரு சொல்லோடு என் பாடு தீர்ந்திருக்கும்.

"இல்லை பிள்ளை. மானெல்லாம் பிறக்கேக்கயே அப்படித்தான்."

"எனக்கு மேல எத்தினை இருக்கு?"

"மேல பத்து, கீழ பத்து."

அவள் பாயை விட்டு இறங்கிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, வாயை அகலத் திறந்து, பிரஸ்ஸின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். பதினொன்றுக்குப் பிறகு பதின்மூன்று வந்தது.